கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் போக முடியுமா?

முடியும். நான் போயிருக்கிறேன், அதுவும் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில். 40,000 ரூபாய் சைக்கிள் இல்லாமல் கிளம்பவே கூடாது என்று உங்களிடம் சொன்ன நண்பர் அநேகமாகப் போன மாதம்தான் அதை வாங்கியிருப்பார்.

நான் சைக்கிள் வீரன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ரெவே என்கிற, நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதே சைக்கிளில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறலாம் என்றும் நான் சொல்லவில்லை. நான் போனது தஞ்சாவூரிலிருந்து பூம்புகாருக்கு, சுமார் 110 கிலோமீட்டர், எல்லாம் தரைமட்டம். மேடு என்றால் பாலம்தான். சீட்டை மட்டும் இரண்டு இஞ்ச் உயர்த்தியிருந்தேன். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட முழுசாக நீள வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியிலேயே முட்டி வலிக்க ஆரம்பித்துவிடும்.

புரட்டாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை 5 மணிக்குக் கிளம்பினேன். திருவையாறு போய்ச் சேர்வதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள் வரும். பஸ்ஸில் எத்தனையோ தடவை போயும் அவற்றை எண்ணியதில்லை, அன்றைக்குத் தொடையே எண்ணிக்கொண்டது.

அங்கிருந்து கணபதி அக்ரஹாரம், உமையாள்புரம், கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் சாலை. குறுவை அறுவடை நேரம் என்பதால் பல இடங்களில் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் செங்கல் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். நெல்மேல் ஏற்றக்கூடாது என்று ஒதுங்கி, கீழே கிடந்த வைக்கோலில் விட்டேன். உள்ளே கருவேல முள் இருந்திருக்கிறது. பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது.

ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் பஞ்சர் கடை. பெரியவர் ஒருவர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் தீக்குச்சியைச் செருகினார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு ஒட்டினார். வேலை முடிந்ததென்று நான் காசை எடுத்தேன். அவர் நிமிரவே இல்லை, டயருக்குள் விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திக் குறடால் முள்ளைப் பிடுங்கினார். "இத விட்டுட்டு ஒட்டுனா அடுத்த ஊர்க்காரனுக்குத்தான் தம்பி வருமானம்." எங்கே போகிறாய் என்று கேட்டார், பூம்புகார் என்றேன். "ஏன், பஸ்ஸு ஓடலையா?"

கும்பகோணம் போய்ச் சேரும்போது மணி பத்தாகிவிட்டது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்தினாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகையும் பித்தளை டபராவும் இருக்கின்றன, அசல் கும்பகோணத்தில் நான் நுழைந்த கடையில் பேப்பர் கப். கிளாஸில் கொடுங்கள் என்றால் கழுவ ஆளில்லை என்கிறார். பேப்பர் கப்பில் காபி வாசனையா வருகிறது, ஈர அட்டை வாசனைதான் வருகிறது! பத்து வருஷமாகச் சொல்கிறேன், வீட்டு விசேஷத்திலேயே அதைத்தான் வாங்கி வைக்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

அப்புறம் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை. 'ஆடுதுறை 43' என்று நெல் ரகத்துக்கே பெயர் கொடுத்த ஊர், நான் நின்றது மோருக்காக. குத்தாலம் தாண்டி மயிலாடுதுறையில் தயிர்சாதம் சாப்பிட்டு, வெயில் தாழட்டும் என்று மூன்று மணி வரை படுத்துவிட்டேன். அதுதான் தப்பு. காலையில் முதுகைத் தள்ளிய மேல்காற்று நின்றுபோய், மதியத்துக்கு மேல் கடல்காற்று நேர் எதிரே அடிக்க ஆரம்பித்திருந்தது. மிச்சம் 24 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. கியர் இருந்திருந்தால் என்று நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். கடலைப் பார்த்துப் போகிற பாதையென்றால் நீங்கள் மதியத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள்.

பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடம், திருவையாற்றில் அவ்வளவு பெரிய பாலம் போட்டுக் கடந்த ஆறா இது என்று கேட்கிற மாதிரி, வாய்க்கால் அகலத்துக்குத்தான் இருந்தது. பக்கத்தில் மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. சீர்காழியிலிருந்து சித்தப்பா லோடு ஆட்டோ பிடித்து வந்து, சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். இதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம், போக முடியுமா என்றுதான் கேள்வி, திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.