கம்ப்யூட்டர் கேள்வி பதில்: கோடுக்குக் கீழயே படம் வர்றது எப்படி?

கேள்வி: காலேஜ்ல பைத்தான் எல்லாம் அது கூடவே வர்ற ஐடில் (IDLE) எடிட்டர்லதான் சொல்லிக்குடுத்தாங்க. இப்ப இன்டர்ன்ஷிப் வந்த இடத்துல எல்லாரும் ஜூபிடர் நோட்புக்தான். அதுல மட்டும் கோடுக்குக் கீழயே கிராஃப், டேபிள் எல்லாம் வருதே, எப்படி சார்? (ஒரு மாணவி, கோவை)

பதில்: ப்ரௌசர்ல நீங்க பாக்குற பக்கம் வெறும் முகப்புதாம்மா, பைத்தான் அங்க ஓடவே இல்ல. பின்னாடி கெர்னல்னு தனியா ஒரு ப்ராசஸ் ஓடிட்டிருக்கும், நீங்க ஷிஃப்ட் என்டர் அடிச்சதும் அந்த செல்லோட (அதாவது கோடு அடிக்கிற பெட்டியோட) கோடு அங்க போய் ரன் ஆகி ரிசல்ட் மெசேஜா திரும்பி வரும். ஐடில் ஷெல் அந்த ரிசல்ட்டை எழுத்தா மட்டும்தான் காட்டும். இங்க கெர்னல் ஒரே ரிசல்ட்டை ரெண்டு மூணு வடிவத்துல அனுப்பிடும்: பாண்டாஸ் டேபிள்னா சாதா டெக்ஸ்ட் ஒண்ணு, ஹெச்டிஎம்எல் ஒண்ணு, மேட்பிளாட்லிப் கிராஃப்னா பிஎன்ஜி படமும் ஒரு வரி டெக்ஸ்டும். அதுல தன்னால காட்ட முடிஞ்சதுல எது நல்லா இருக்கோ அதை முகப்பு எடுத்துக்கும்.

இதுல சுவாரசியம் என்னன்னா, தன்னை எப்படிக் காட்டணும்னு சொல்றது அந்த ஆப்ஜெக்டேதான். பைத்தான் செஸ் லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணி, ஒரு போர்டு உருவாக்கி, செல்லோட கடைசி வரில அந்த வேரியபிள் பேரை மட்டும் அடிச்சுப் பாருங்க, கட்டம் காய் எல்லாம் சேர்ந்து முழு சதுரங்கப் பலகையே படமா வந்து நிக்கும். அதையே ப்ரின்ட்ல போட்டா வெறும் எழுத்தும் புள்ளியும்தான். அந்த க்ளாஸுக்குள்ள 'ரெப்ர் எஸ்விஜி'ன்னு ஒரு மெத்தட் எழுதி வச்சிருக்காங்க, அவ்ளோதான் விஷயம், நீங்க எழுதுற க்ளாஸுக்கும் இதே மாதிரி வைக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, தானா காட்டுறது செல்லோட கடைசி வரியை மட்டும்தான், ஒரே செல்லுல ரெண்டு டேபிள் வேணும்னா டிஸ்ப்ளே ஃபங்ஷன் போடணும்.

கேள்வி: ஜூபிடரைக் கண்டுபிடிச்சது கூகுள்தானே? (வாசகர், மதுரை)

பதில்: இல்லீங்க. கூகுளோடது கோலாப், அது ஜூபிடர் மேல கட்டினது. கோடு, கணக்கு, படம் எல்லாம் ஒரே பக்கத்துல வர்ற நோட்புக்கை 1988லயே மேத்தமேட்டிகா குடுத்துடுச்சு, ஆனா அது காசு குடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேர். 2001ல ஃபெர்னாண்டோ பெரஸ்ங்கற கொலம்பியாக்காரர், அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டில பிசிக்ஸ் பிஎச்டி பண்ணிட்டிருந்தவர், தீசிஸை முடிக்காம தள்ளிப்போட்டுட்டு எழுத ஆரம்பிச்சதுதான் ஐபைத்தான்ங்கற பைத்தான் ஷெல். (தீசிஸை இழுத்தடிக்கிறவங்க இதைக் காரணமா காட்டிராதீங்க.) ஐபைத்தானோட ப்ரௌசர் நோட்புக் 2011 டிசம்பர்ல வந்துச்சு, அதுவே 2014ல ஜூபிடர்னு தனி ப்ராஜெக்ட் ஆச்சு.

கேள்வி: நேத்து வரை நல்லா ஓடுன நோட்புக், இன்னைக்கு மேல இருந்து வரிசையா எல்லா செல்லையும் ஓட்டினா நடுவுல நேம் எரர் வருது. ஆனா நேத்து போட்ட கிராஃப் மட்டும் கீழ அப்படியே இருக்கு. வைரஸா சார்? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: வைரஸ் எல்லாம் இல்ல தம்பி. கீழ தெரியுற கிராஃப் ஃபைலுக்குள்ள சேவ் ஆன பழைய படம், வேரியபிள் எல்லாம் இருந்தது கெர்னலோட மெமரில. கெர்னல் நின்னதும் வேரியபிள் போயிடும், படம் போகாது. அனேகமா நேத்து ஏதோ ஒரு செல்லை ரன் பண்ணிட்டு அப்புறம் தேவையில்லன்னு அழிச்சிருப்பீங்க, இல்ல வேரியபிள் பேரை மாத்திருப்பீங்க, ஆனா பழைய பேரு மெமரில உயிரோட இருந்ததால நேத்து பூரா எந்த எரரும் வரல. நேத்து சேவ் பண்ணின ஃபைல்ல செல்லுக்கு இடது பக்கம் இருக்கற நம்பரைப் பாருங்க, 7, 3, 12ன்னு தாறுமாறா இருந்தா, இல்ல நடுவுல நம்பர் விட்டுப்போயிருந்தா அதுதான் தடயம்.

உங்களுக்கு மட்டும் நடக்குறதில்ல இது. எல்லாரும் கோடு போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல இருந்த சுமார் 14 லட்சம் நோட்புக்கை எடுத்து 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஓட்டிப் பாத்ததுல எரர் இல்லாம முடிஞ்சது கிட்டத்தட்ட 24 சதவீதம், பழைய அவுட்புட்டே திரும்ப வந்தது வெறும் 4 சதவீதம். லைப்ரரி இல்லாதது, டேட்டா ஃபைல் இல்லாததுன்னு வேற காரணங்களும் அதுல உண்டு. என்னைக் கேட்டா, யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி கெர்னல் மெனுவுல ரீஸ்டார்ட் குடுத்து எல்லா செல்லையும் ரன் பண்ணிப் பாக்காத நோட்புக்கை நம்பவே கூடாது, அதுல இருக்கற கிராஃப் எவ்ளோ அழகா இருந்தாலும் சரி. இந்தத் தொல்லையே வேணாம்னா மாரிமோங்கற வேற பைத்தான் நோட்புக்கை டிரை பண்ணுங்க, அதுல ஒரு செல்லை அழிச்சா அதோட வேரியபிளும் மெமரில இருந்து போயிடும், அதை நம்பியிருக்கற செல் எல்லாம் அப்பவே எரர் காட்டிடும். ஜூலியா லாங்வேஜ்ல எழுதுறவங்களுக்கு இதே மாதிரி புளூட்டோ நோட்புக் இருக்கு.

கேள்வி: பத்து வரி கோடுதான், ஃபைல் மட்டும் 30 எம்பி! மெயில்லயே போக மாட்டேங்குது. (வாசகி, திருச்சி)

பதில்: படம் எல்லாம் பேஸ்64 எழுத்தா மாறி அந்த ஃபைலுக்குள்ளயே உக்காந்திருக்கும்மா, அப்படி மாறும்போது சைஸ் மூணுல ஒரு பங்கு கூடவும் செய்யும். க்ளியர் ஆல் அவுட்புட்ஸ் குடுத்து சேவ் பண்ணிட்டு அனுப்புங்க, சில கேபிதான் இருக்கும்.

கேள்வி: ப்ரௌசர்ல ஓடுதுன்னா நெட் வேணுமா? (வாசகர், தேனி)

பதில்: ஜூபிடருக்கு வேணாம். லோக்கல்ஹோஸ்ட் 8888னு அட்ரஸ் பார்ல வரும் பாருங்க, அது உங்க மெஷினேதான். கோலாபுக்கு கண்டிப்பா வேணும், கொஞ்ச நேரம் கை வைக்காம விட்டா அவங்களே செஷனை க்ளோஸ் பண்ணிடுவாங்க, அதனால சிஎஸ்வி மாதிரி ஃபைல் எதுவும் உருவாக்கினா உடனே கூகுள் ட்ரைவ்ல சேவ் பண்ணிடுங்க.