கேள்வி-பதில்: வீட்டு விசேஷத்த நாமளே படம் எடுக்குறதுன்னா

இந்த வாரம் வந்ததுல பாதி லெட்டர் காதுகுத்து, கல்யாணம், டூர் வீடியோ பத்தித்தான். நீளமா எழுதுனவங்க கோவிச்சுக்காதீங்க, சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: அண்ணே, ஆவணில பையனுக்கு அழகர்கோவில்ல மொட்டை, மறுநாள் மண்டபத்துல காதுகுத்து. பத்து நிமிஷப் படமா நானே எடுத்து எடிட் பண்ணனும்னு ஆசை. 70,000 ரூபாய்க்கு கேமரா வாங்கவா, கையில இருக்குற போன் போதுமா? (மேலூர்)

பதில்: போன் போதும் தம்பி. அந்த ரேட்டுக்கு கேமராவோட சேத்துக் குடுக்குற லென்ஸு மண்டபத்து வெளிச்சத்துல திணறும், ஃபோகஸ் பழகவே உங்களுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும், ஆவணி அதுவரைக்கும் காத்திருக்காது. காசு செலவு பண்ணியே ஆகணும்னா சத்தத்துக்குப் பண்ணுங்க. ஒரு வயர்லெஸ் காலர் மைக் வாங்கி தாய்மாமன் சட்டைல குத்திவிடுங்க, புள்ளைய மடியில வச்சுக்கிட்டு அவரு என்ன சொல்லி சமாதானப்படுத்துறாருங்குறது பூராம் தெளிவா விழும், இருபது வருஷம் கழிச்சு உங்க பையன் கேக்கப்போறது அதத்தான். மேளக்காரங்க பக்கத்துல நின்னு எடுக்காதீங்க, வாடிப்பட்டி மேளம் அடிக்கிற அடிக்கு போன் மைக்குல வெறும் கொரகொரப்புதான் மிஞ்சும், ஒரு இருபது முப்பது அடி தள்ளி நின்னாலே போதும்.

இன்னொண்ணு, ஆசாரி ஊசிய எடுத்த உடனே சுத்தி நிக்கிற அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாரும் ஒரே நேரத்துல குனிவாங்க, அங்கிட்டு ஒரு கை இங்கிட்டு ஒரு தலைன்னு எல்லாம் மறைஞ்சிரும். அதனால முன்னாடியே ஒரு ஆள மாமனுக்கு எதிர்த்தாப்புல தரையில உக்கார வச்சிருங்க, புள்ள மூஞ்சி உயரத்துக்கு போன் இருக்கணும், படுக்கவசமாப் புடிக்கணும். ஏரோபிளேன் மோட்ல போட்டுருங்க, நடுவுல கால் வந்து ரெக்கார்டிங் நின்னுச்சுன்னா மறுபடி காது குத்த முடியாது. இடம் எவ்வளவு வேணும்னு முதல்லயே பாத்துக்குங்க, ஐபோன்ல ரொம்பத் தெளிவா விழுற 4கே தரத்துல, நொடிக்கு 30 ஃபிரேம்னா நிமிஷத்துக்கு சுமார் 170 எம்பி, அதுக்கு அடுத்த தரமான 1080-ல 60 எம்பின்னு செட்டிங்ஸ்லயே போட்டிருக்கும், அப்ப ஒரு மணி நேரம் 4கே எடுத்தா 10 ஜிபி.

போன் ஆடாம புடிச்சுக்கிற கிம்பல் ஸ்டாண்டு வேணாம். நான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், போன் கவரக் கழட்டணும், பேலன்ஸ் பண்ணனும், அதோட ஆப் வேற திறக்கணும், அதுக்குள்ள விசேஷம் முடிஞ்சிரும். போன் மாத்துனதுக்கப்புறம் அந்த ஆப் ஓடவே இல்ல. இப்ப வர்ற நல்ல போன்ல ஆட்டத்தக் குறைக்கிற வசதி உள்ளயே இருக்கு.

கேள்வி: சித்திரைத் திருவிழால அழகர் ஆத்துல இறங்குறத மேலருந்து எடுக்க குட்டி ட்ரோன் வாங்கலாமா? 250 கிராமுக்குள்ளன்னா லைசென்ஸ் வேணாமாமே? (செல்லூர்)

பதில்: ட்ரோன் வாங்க வேணாம். லைசென்ஸ் வேணாங்குறதும் எங்க வேணா பறக்கவிடலாங்குறதும் ஒண்ணு இல்ல, லட்சக்கணக்கான சனத்து தலைக்கு மேல ஒரு மெஷினு விழுந்தா யாரு பொறுப்பு?

கேள்வி: பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 1 டிபி மெமரி கார்டு 500 ரூபாய்க்கு வாங்குனேன். கொடைக்கானல் டூர் பூராம் அதுலதான் எடுத்தோம். வீட்டுல வந்து பாத்தா முதல் நாள் வீடியோ ஒண்ணுமே ஓடல, பேரு மட்டும் இருக்கு. பில் இல்ல. (திருமங்கலம்)

பதில்: 1 டிபி கார்டு 500 ரூபாய்க்கு எந்தக் கம்பெனிக்கும் கட்டாதுங்க. உள்ள இருக்குறது 16, 32 ஜிபி சில்லா இருக்கும், கேமரா கேக்கும்போது மட்டும் 1 டிபின்னு பொய் சொல்ற மாதிரி அதுக்குள்ள எழுதி வச்சிருப்பாங்க. உண்மையான இடம் தீந்ததும் பழசு மேலயே புதுச எழுதும், இல்ல எழுதாமலே எழுதுன மாதிரி காட்டும். அதனாலதான் பேரு இருக்கு, படம் இல்ல. போனது வராது. மிச்சம் ஓடுற வீடியோவ இன்னைக்கே வேற எடத்துக்கு காப்பி பண்ணிட்டு அந்தக் கார்டத் தூக்கிப் போடுங்க, யாருக்கும் குடுக்காதீங்க.

பில் இல்லாம, ரேட்டப் பாத்தே சந்தேகம் வர வேண்டிய சாமான வாங்கிட்டு என்கிட்ட கேட்டா நான் என்ன பண்ண முடியும்? இனிமே புதுக் கார்டு எது வாங்குனாலும் எஃப்3 (F3) மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கார்ட முழுசா ரொப்பி திரும்பப் படிச்சுப் பாக்கும், அத ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் டூர் கிளம்புங்க. 4கே எடுக்கணும்னா கார்டு மேல வி30ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, நொடிக்கு குறைஞ்சது 30 எம்பி எழுதும்னு அர்த்தம்.

கேள்வி: மண்டபத்துல எடுத்த வீடியோல மட்டும் கருப்பு கோடு கோடா ஓடுது. கடைல காட்டுனா சென்சார் போச்சு, 9,000 ஆகும்ங்குறாங்க. (ஒத்தக்கடை)

பதில்: குடுக்காதீங்க அக்கா! வெளிய வெயில்ல ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்க. அங்க கோடு இல்லைன்னா சென்சார் நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டு, மட்டமான எல்இடி எல்லாம் நொடிக்கு 100 தடவ விட்டு விட்டு எரியும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்த 1/50 செகண்டு, இல்லாட்டி 1/100 செகண்டுல வைங்க, நொடிக்கு 25 ஃபிரேம் எடுங்க. ஐபோன்னா செட்டிங்ஸ்ல பிஏஎல் (PAL) ஃபார்மேட்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணாத்தான் 25 காட்டும். சில சீரியல் செட்டுக்கு இதுவும் கேக்காது, அப்ப அந்த லைட்ட ஃபிரேம்ல வராம பாத்துக்குங்க. இதத் தெரிஞ்சுக்கிட்டே 9,000 கேட்டிருந்தா அது பச்சை ஏமாத்து வேலை.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேமரா கரெக்டா 29 நிமிஷம் 59 செகண்டுல நின்னுருது. ரிப்பேரா? (சோழவந்தான்)

பதில்: ரிப்பேர் இல்ல. அரை மணிக்கு மேல ரெக்கார்ட் பண்ணா வீடியோ கேமரான்னு ஐரோப்பால முன்னாடி கூடுதல் வரி இருந்துச்சு, அதுக்காக கம்பெனிக்காரங்களே வச்ச கட்டு. திரும்ப பட்டன அமுக்குங்க.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு திண்டுக்கல் ஸ்டுடியோ ஒண்ணுல 1,20,000 பேசி 90,000 குடுத்தாச்சு. எட்டு மாசமாச்சு, வீடியோ வரல. எடிட் பண்ணாத ஃபைலயாவது குடுங்கன்னா அதுக்குத் தனியா 25,000 கேக்குறாங்க, எங்க காப்பிரைட்டுங்குறாங்க. கல்யாணத்துல ஆசீர்வாதம் பண்ண எங்க அப்பத்தா போன மாசம் தவறிட்டாங்க, அந்த வீடியோ எங்களுக்கு வேணும். (உசிலம்பட்டி)

பதில்: படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சு தம்பி. இதே கதைய எத்தனையோ பேரு எழுதிட்டாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், எல்லாரும் படிங்க.

முதல்ல அந்த காப்பிரைட்டு கதை. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ஐ எடுத்துப் பாருங்க. காசு குடுத்து ஒருத்தர் கேட்டதுக்காக எடுத்த போட்டோவுக்கும் படத்துக்கும் முதல் உரிமை காசு குடுத்தவருக்குத்தான், வேற மாதிரி அக்ரிமென்ட் போடாத வரைக்கும். ஸ்டுடியோக்காரருதுன்னு எங்கயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? இல்லைன்னா அவரு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல.

அடுத்து, காசு வாங்கிட்டு வேலைய முடிக்காதது சேவைக் குறைபாடு. வாட்ஸ்அப்ல பேசுனது, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட்டு, அவரு போட்ட தேதி எதையும் அழிச்சிராதீங்க. 15 நாள் டைம் குடுத்து ஸ்பீடு போஸ்ட்டுல ஒரு நோட்டீஸ் நீங்களே அனுப்புங்க. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு புகார் பதிஞ்சிருங்க. அசையலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், திண்டுக்கல்லுக்கு அலைய வேணாம், மதுரையிலயே போடுங்க. குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல, இ-ஜாக்ரிதி தளத்துல வீட்டுல இருந்தே போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும். நோட்டீஸ்ல ஃபைல அழிக்கக் கூடாதுன்னும் ஒரு வரி எழுதுங்க, உங்களுக்கு காச விட அதுதான் முக்கியம்.

இப்ப மத்தவங்களுக்கு. மண்டபத்துக்கு பக்கம் பக்கமா அக்ரிமென்ட் போடுறீங்க, சமையக்காரர்கிட்ட எத்தனை இலைன்னு எழுதி வாங்குறீங்க, ஒரு லட்ச ரூபா வீடியோவுக்கு மட்டும் விசிட்டிங் கார்டு பின்னாடி "அட்வான்ஸ் பெற்றேன்"னு ஒத்த வரில முடிச்சிக்கிறீங்க. சாப்பாடு ஒருநா கூத்து, அந்த ஃபைல்தான்யா கடைசி வரைக்கும் இருக்கும்! ஒரு தாள்ல எழுதுங்க: எத்தனை கேமரா, எத்தனை மணி வரைக்கும், படம் எத்தனை நிமிஷம், என்னைக்குள்ள கைக்கு வரும், எடிட் பண்ணாத ஃபைல் நம்ம ஹார்ட் டிஸ்குல ஒரு வாரத்துக்குள்ள ஏத்தித் தரணும், பாட்ட மாத்தச் சொன்னா எத்தனை தடவ மாத்துவாங்க. கடைசி 30 பர்சென்டு ஃபைலு கைக்கு வந்தப்புறம்தான். நல்ல ஸ்டுடியோக்காரங்க இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சா வேற ஆளப் பாருங்க.

கேள்வி: மீனாட்சி அம்மன் கோவிலுக்குள்ள போன்ல சின்னதா ஒரு வீடியோ எடுத்துக்கலாமா? (கோயம்புத்தூர்ல இருந்து வர்றோம்)

பதில்: உள்ள போனே விட மாட்டாங்க. வெளிய டோக்கன் போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா சாமி கும்புடுங்க, சித்திரை வீதில நின்னு கோபுரத்த எடுங்க.

கேள்வி: அப்பா அம்மா 1993-ல பண்ண கல்யாண விஎச்எஸ் கேசட் மூணு இருக்கு. டிவிடி போட்டுத் தர்றேன்னு ஒரு கடைல கேசட்டுக்கு 800 கேக்குறாங்க. குடுக்கலாமா? (வில்லாபுரம்)

பதில்: சீக்கிரம் குடுங்க, தள்ளிப்போடாதீங்க. கேசட் ஓட்டுற விசிஆர் மெஷின் செஞ்சுக்கிட்டிருந்த கடைசி ஜப்பான் கம்பெனியும் 2016-ல நிறுத்திருச்சு, கடைக்காரங்க ஓட்டுறது பூராம் பழைய மெஷினு. ஆனா டிவிடி வேணாம், பென் டிரைவ்ல எம்பி4 ஃபைலாக் கேளுங்க. கேசட் ஜன்னல் வழியா டேப்பப் பாருங்க, வெள்ளையாப் பூஞ்சை படிஞ்சிருந்தா சுத்தம் பண்ணாம எந்த மெஷின்லயும் போடக் கூடாது, டேப்பு அறுந்துரும். முதல்ல ஒரே ஒரு கேசட்டக் குடுத்து, வாங்கி, முழுசா ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மத்த ரெண்டையும் குடுங்க. கேசட்டத் திருப்பி வாங்க மறந்துராதீங்க.

கேள்வி: எடிட்டிங் ஆப் ஏழு நாள் ஃப்ரீன்னு போட்டேன், மொட்டை வீடியோ முடிச்சதும் டெலிட் பண்ணிட்டேன். இப்ப வருஷ சந்தான்னு 3,000 ரூபா எடுத்துட்டாங்க. (அனுப்பானடி)

பதில்: ஆப்ப டெலிட் பண்ணா சந்தா நிக்காது, போடும்போதே அத எழுதியிருப்பாங்க, யாரும் படிக்கிறதில்ல. பிளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் கேன்சல் பண்ணுங்க, அங்கயே ரீஃபண்டும் கேளுங்க, பணம் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ள கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம். யூபிஐ ஆப்ல ஆட்டோபே-ன்னு இருக்கும், அதுல இந்த ஆப் பேரு இருந்தா அதையும் நிறுத்துங்க.