கும்பகர்ணியும் மூன்று தீதாக்களும்

அன்புள்ள ஐயா,

பர்மாவில், மோல்மேனில் எங்கள் வீட்டில் தமிழ் பேச்சோடு சரி. என் தம்பி ராமாயணம் படித்ததே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் எட்டு மணி வரை படுத்திருந்தால், “ஏ கும்பகர்ணி, எந்திரி” என்று கத்துகிறான். “யாருப்பா அது?” என்று அவள் கேட்டதற்கு, “ஒரு தூங்குமூஞ்சி” என்று முடித்துவிட்டான். கதை போய்ப் பெயர் மட்டும் மிஞ்சினால், அதை வாழ்கிறது என்று சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் ராமாயண பாரதத்தை ரங்கூனில் ஆச்சியின் வசவில்தான் கற்றேன். இரண்டு வீட்டுக்கு நடுவே சிண்டு முடிபவள் கூனி. தாயம் ஆடும்போது விழுந்த சோழியை விரலால் புரட்டிவிடும் மாமா சகுனி. கடைக்கணக்கை வெளியே சொன்ன சித்தப்பா விபீஷணன். கம்பன் தலையில் தூக்கிவைத்த விபீஷணனை ஆச்சி ஒரே வார்த்தையில் இறக்கிவிட்டாள். கூட்டுக் குடும்பத்தில் கடை நடத்தியவளுக்கு அவன் வேறெப்படித் தெரிவான்?

எனக்கு மனத்தாங்கல் கும்பகர்ணன் விஷயத்தில்தான். உங்கள் தம்பி கத்துவது கம்பனிலும் இருக்கிறது: “உறங்குகின்ற கும்பகன்ன... எழுந்திராய் எழுந்திராய்!” ஆனால் எழுந்த பிறகு அவன் பேசுவதைக் கேளுங்கள். சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடம் சொல்லிப் பார்க்கிறான், எடுபடவில்லை. போர்க்களத்தில் விபீஷணன் வந்து, ராமன் பக்கம் வந்துவிடு என்கிறான். “நீர்க்கோல வாழ்வை நச்சி” வரமாட்டேன் என்று மறுக்கிறான். தண்ணீரில் போட்ட கோலம் எத்தனை நேரம் நிற்கும்? அதற்கு ஆசைப்பட்டு, வளர்த்தவனை விட்டு வருவதா? தோற்போம் என்று தெரிந்தே நின்றவன். அவனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது குறட்டையை!

பர்மியப் பேச்சில் ரகரம் யகரமாகி, ராமன் யாமா ஆனான். அங்கே ராமாயண நாடகத்துக்குப் பெயர் யாமா கூத்து. அந்தப் பெயரைக் கேட்டதும் ஆச்சி, “ராத்திரியில யமன் கதை எதுக்குடா?” என்றாள். பத்துத்தலை முகமூடி மேடைக்கு வந்ததும், “அட, நம்ம ராவணப் பய!” சீதை அங்கே தீதா. அந்தப் பெயரில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். ஒருத்தி மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறாள். கடன் சொன்னால் கரண்டியைத் தூக்குவாள்.

உங்கள் மருமகள் “யாருப்பா அது?” என்று கேட்டிருக்கிறாளே, அது போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் போர்க்களக் காட்சியை அவளுக்குச் சொல்லுங்கள். உங்கள் தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். எட்டு மணிக்கு முன்னால் மட்டும் எழுப்ப வேண்டாம்.