சர்வரை நிறுத்தாமல் பிஎம்சியின் ஐபி முகவரியை மாற்ற முடியுமா?

முடியும். சுங்கை சிப்புட்டில் உள்ள உங்கள் செம்பனை ஆலையில் ரூட்டரை மாற்றிய பிறகும் பிஎம்சி பழைய முகவரியிலேயே நிற்கிறது, எடைமேடையில் லாரிகள் காத்திருப்பதால் சர்வரை நிறுத்தி பயாஸுக்குள் போக வழியில்லை என்கிறீர்கள். போகவே வேண்டாம். பிஎம்சி என்பது சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க, தாய்ப்பலகையில் தனியாக ஓடும் சிறு கணினி; லினக்ஸிலிருந்து உள்வழியாகவே அதற்குக் கட்டளையிடலாம்.

பிஎம்சியோடு பேசும் நெறிமுறை ஐபிஎம்ஐ; அதற்கான கட்டளைக் கருவி ஐபிஎம்ஐடூல். ரூட் பயனராக ‘ஐபிஎம்ஐடூல் லேன் பிரிண்ட் 1’ என்று கொடுங்கள் (எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்); இப்போதைய முகவரி அமைப்பு தெரியும். 1 என்பது சேனல் எண். சில பலகைகளில் 2 அல்லது 8 ஆக இருக்கும். சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் ஐபிஎம்ஐ கர்னல் மாட்யூல்களை ஏற்றுங்கள்.

அடுத்து ‘லேன் செட் 1 ஐபிஎஸ்ஆர்சி ஸ்டாட்டிக்’ (இனி வரும் எல்லாக் கட்டளைகளுக்கும் முன்னால் ‘ஐபிஎம்ஐடூல்’ சேருங்கள்); முகவரி நிலையானது என்று இது சொல்கிறது. இதை விட்டுவிட்டு முகவரியை மட்டும் மாற்றினால், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி அதை மறுபடி மாற்றிவிடும். பிறகு அதே ‘லேன் செட் 1’ உடன் முகவரி, நெட்மாஸ்க், கேட்வே மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். பலரும் மறப்பது கேட்வேயை, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரியைத்தான். அது தவறினால் அலுவலகத்துக்குள் எல்லாம் சரியாகத் திறக்கும். ஈப்போவிலிருந்து விபிஎன் வழியாக வருபவருக்குத் திறக்காது.

மாற்றம் பிடிக்கவில்லையென்றால் ‘எம்சி ரீசெட் கோல்டு’. பெயர்தான் மிரட்டும், பிஎம்சி மட்டுமே மறுபடி தொடங்கும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். சற்று நேரம் விசிறிகள் இரையலாம்.

கையோடு ‘யூசர் செட் பாஸ்வேர்ட் 2’ கொடுத்துக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பெரும்பாலும் 2ஆம் எண் பயனர்தான் நிர்வாகி. ஐபிஎம்ஐ பயன்படுத்தும் 623ஆம் யுடிபி போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பயனர்பெயர் தெரிந்த எவருக்கும் உள்நுழைவதற்கு முன்பே கடவுச்சொல்லின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட மறைகுறியை) கொடுத்துவிடும் ஓட்டை ஐபிஎம்ஐ 2.0 வடிவமைப்பிலேயே இருக்கிறது.