மகளின் நோட்டில் முந்நூறு கலைச்சொற்கள்

மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ராத்திரி இரண்டு மணி வரை கலைச்சொற்களை மனப்பாடம் செய்கிறாள், காலையில் பாதி மறந்துபோய் அழுகிறாள், பேசாமல் பி.காமுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. ஆங்கில அகரவரிசையில் முந்நூறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். ஒன்றுக்குக்கூட உதாரணம் இல்லை. இப்படிப் படித்தால் யாருக்கும் மனதில் நிற்காது.

முதலில், அவள் வெறுங்கையோடு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் அணி இலக்கணம் படித்தவள். உவமை தெரிந்தவளுக்கு சிமிலி புதிதல்ல, உருவகம் தெரிந்தவளுக்கு மெட்டஃபரும் அப்படியே. கோவலன் மதுரைக்குள் நுழையும்போது கோட்டைக் கொடிகள் ‘வராதே’ என்று கைகாட்டுவதுபோல் அசைந்ததைத் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதி மார்க் வாங்கியிருப்பாள். இயற்கைக்கு மனித உணர்வை ஏற்றிச் சொல்வதற்கு ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் 1856-இல் ‘பத்தெடிக் ஃபாலசி’ என்று பெயர் வைத்தார். இரண்டும் அச்சாக ஒன்றல்ல, ஆனால் நெருங்கிய உறவு. அவர் அதைக் குறையாகச் சொன்னார், நம்மவர்கள் அணி என்று கொண்டாடினார்கள். இதையே ஒரு நல்ல கட்டுரையாக எழுதலாம்.

அவள் அதிகம் தடுமாறுவது துன்பியல் நாடகச் சொற்களில் என்று தெரிகிறது. ஹமார்ட்டியா, பெரிபெட்டியா, அனக்னோரிசிஸ் எல்லாம் கிரேக்கச் சொற்கள், பயமுறுத்தத்தான் செய்யும். அரிஸ்டாட்டில் இவற்றைப் பட்டியலாகக் கொடுக்கவில்லை, ஓடிபஸ் என்ற கிரேக்க நாடகத்தைக் காட்டித்தான் விளக்கினார். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற குறிக்குப் பயந்து கொரிந்தை விட்டு ஓடிவந்தவன் ஓடிபஸ். அங்கிருந்து ஒரு தூதன் வருகிறான். கொரிந்தின் அரசர் இறந்துவிட்டார் என்கிறான். அப்பாடா என்று இருக்கிறது. தாயைப் பற்றிய பயம் மட்டும் பாக்கி. அதையும் போக்கிவிடலாம் என்று நினைத்து, ‘நீங்கள் அவர்கள் பெற்ற பிள்ளையே இல்லை’ என்கிறான் தூதன். ஆறுதல் சொல்ல வந்தவன் வாயாலேயே எல்லாம் தலைகீழாகிறது. அதுதான் பெரிபெட்டியா. தான் யார், தெரியாமல் ஏற்கெனவே கொன்றது தந்தையை, மணந்தது தாயை என்று ஓடிபஸ் உணர்வது அனக்னோரிசிஸ். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் சிறப்பு என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து.

இனி சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைக்கச் சொல்லுங்கள். சிலம்பு உடைகிறது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது, ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான் பாண்டியன். தலைகீழ் மாற்றமும் உண்மை உணர்தலும் ஒரே கணத்தில். இதற்கு மேல் என்ன உதாரணம் வேண்டும்? ஹமார்ட்டியாவைப் பல கைடுகள் ‘குணக்குறை’ என்று முடித்துவிடுகின்றன. அந்தச் சொல்லின் வேரில் இருப்பது இலக்குத் தப்புதல். விசாரிக்காமல் ஆணையிட்ட பாண்டியன் கெட்டவன் இல்லை, தவறியவன்.

மேடைச் சொற்களைத் தனித்தனியாகப் படிக்க வேண்டாம், குழப்பம் வருகிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். பாத்திரம் தனியாக நின்று மனதைக் கொட்டினால் சொலிலக்வி. மற்றவர்கள் மேடையில் இருக்க, அவர்கள் காதில் விழாததுபோலப் பேசினால் அசைடு. எதிரே ஒருவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் கவிதை டிரமாட்டிக் மோனோலாக். ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தின் முதல் அங்கம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். முகத்தைப் பார்த்து மனதை அறியும் கலை கிடையாது, அவனை முழுக்க நம்பியிருந்தேன் என்று ஒரு துரோகியைப் பற்றி அரசன் டங்கன் சொல்லி முடிக்கும்போது, அவனுடைய தளபதி மெக்பெத் உள்ளே வருகிறான். அரசனைக் கொல்லும் எண்ணம் ஏற்கெனவே மெக்பெத்தின் மனதில் விழுந்துவிட்டது நமக்குத் தெரியும், டங்கனுக்குத் தெரியாது. டிரமாட்டிக் ஐரனிக்கு இந்தக் காட்சியை எழுதினால் போதும்.

ஏப்ரம்ஸின் கலைச்சொல் அகராதி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1957-இல் முதலில் வந்த நல்ல புத்தகம், வாங்குங்கள். சந்தேகம் வரும்போது புரட்டத்தான், முதல் பக்கத்திலிருந்து உருப்போட அல்ல.

வேலை விஷயம். எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுதினால் இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண், தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. பி.எட்.டும் சேர்த்து முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு. இரண்டிலும் இந்தச் சொற்கள் வரும், எனவே இப்போது படிப்பது வீண் போகாது. பி.காம் பேச்சை முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை எடுக்காதீர்கள். அவளுக்குக் கதை பிடிக்கவில்லை என்றால் மாற்றுவதில் தப்பில்லை, பட்டியல் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை மூடிவைத்துவிட்டு, ஓடிபஸ் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் ‘அப்புறம்?’ என்று மட்டும் கேளுங்கள்.