கோப்பியோடு விழுங்கும் குளிசை

கேள்வி: எனக்கு 46 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். விடிய 4.30க்கு எழும்பி, மூன்று கரண்டி சீனி போட்டு ஒரு பெரிய கப் கோப்பி குடித்தால்தான் எனக்கு வேலை ஓடும். தைரொயிட் குறைவுக்குத் தந்த தைரொக்சின் குளிசையையும் அந்தக் கோப்பியோடேயே விழுங்கிவிடுவேன். சாப்பாடு பத்து மணிக்குத்தான். கொஞ்ச நாளாக நெஞ்செரிவு, புளித்த ஏப்பம். கிளினிக்கில் இரண்டு தரம் குளிசையைக் கூட்டித் தந்தும் இரத்தப் பரிசோதனை சரிவரவில்லை. வெறும் வயிற்றில் கோப்பி குடித்தால் ஈரல் பழுதாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. கோப்பியை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்தத் தேவையில்லை. ஈரலைப் பற்றிய பயமும் வேண்டாம். கோப்பி குடிப்பவர்களிடம் ஈரல் நோய்கள் குறைவாக இருப்பதைத்தான் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக மருந்தென்று நினைத்துக் குடிக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் குளிசைதான். தைரொக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் கோப்பி குறைத்துவிடும். கிளினிக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். (இரத்தப் பரிசோதனையில் பார்க்கும், தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்; மருந்து போதாவிட்டால் கூடிநிற்கும்) இறங்காததற்கு இது காரணமாக இருக்கலாம். எழும்பியவுடன் குளிசையைத் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். முற்றம் கூட்டி, வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துக் கோப்பியைக் குடியுங்கள். அவ்வளவு நேரம் பொறுக்க முடியாவிட்டால் குறைந்தது அரை மணித்தியாலமாவது விடுங்கள். தேத்தண்ணிக்கு மாறினாலும் இதே இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் எடுப்பவராக இருந்தால் அவற்றுக்கும் தைரொக்சினுக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் கோப்பியோடு போடக்கூடாது.

அடுத்தது நெஞ்செரிவு. கோப்பி வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டும். சிலருக்கு உணவுக் குழாயின் அடிவாசலையும் கொஞ்சம் தளர்த்திவிடும். எல்லாருக்கும் இது தொல்லை தருவதில்லை. உங்களுக்குத் தருகிறது போலிருக்கிறது. கப்பைச் சின்னதாக்குங்கள். இடியப்பமோ பாணோ, ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் குடித்துப் பாருங்கள். பத்து மணிவரை வயிற்றைக் காயப்போடுவது கோப்பி இல்லாவிட்டாலும் நல்லதல்ல. ஆனால் அல்சர் வந்துவிடும் என்று கோப்பியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது முதுகு நோவு, மூட்டு நோவு என்று பார்மசியில் வாங்கிப் போடும் டைக்ளோபெனக் போன்ற குளிசைகள். அப்படி ஏதும் போடுகிறீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லை.

சீனி மூன்று கரண்டி என்பது கூட. தேக்கரண்டியில் போட்டாலே 12 கிராமுக்கு மேல் வரும். இப்படி நாளைக்கு இரண்டு தரம் குடித்தால், ஒரு நாளில் சேர்க்கும் சீனிக்கு உலக சுகாதார நிறுவனம் நல்லதென்று சொல்லும் 25 கிராம் கோப்பியிலேயே முடிந்துவிடும். கொலஸ்ட்ரோல் இருந்தால், கொதிக்கவைத்து மண்டியோடு குடிக்கும் கோப்பியைக் குறையுங்கள். கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் எண்ணெய்ப் பொருட்கள் அதில் தங்கிவிடும். அப்புறம், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொன்ன நாளில் சீனி போடாத கோப்பியும் வேண்டாம், தண்ணீர் மட்டும்.

விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, தார் போலக் கறுத்த மலம் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் (இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்). நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ நோவு பரவினால் அதை வாய்வென்று நினைத்து இஞ்சி அவித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குளிசை நேரத்தை மாற்றிய பின் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இதுவரை முழுதாக உறிஞ்சப்படாத மருந்து இனி நன்றாக உறிஞ்சப்படும். கூட்டித் தந்த அளவு உங்களுக்கு மிஞ்சிப் போகலாம். படபடப்பு, கை நடுக்கம், நித்திரைக் குறைவு வந்தால் கோப்பி செய்யும் வேலை என்று விட்டுவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள். ஒன்றும் வராவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். இவ்வளவு நாளும் கோப்பியோடு போட்டதை அங்குள்ள வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா இல்லையா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.