கோவையில் எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுடையவை. புள்ளியியல் துறையில் கோபி, பல்லடம், ஈரோடு என்று படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து ஓய்வு பெற்றவள் நான் என்பதால், ஆசிரியர் அத்தனையையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் 42,71,856 பேர். 2011-இல் 34,58,045 பேர். எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். பிழைப்புத் தேடி வெளியூர் போனதுதான் காரணம் என்று எழுதலாமா அம்மா?
- முதுகலை மாணவி, கோவை

எழுதிவிடாதே கண்ணு. ஒருத்தரும் எங்கேயும் போகவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது திருப்பூர், பல்லடம், அவிநாசி, உடுமலை எல்லாம் கோவையை விட்டுப் போயின. ஈரோட்டிலிருந்து தாராபுரமும் காங்கேயமும் வந்து சேர்ந்தன. நீ பழைய பெரிய கோவையையும் புதிய சின்னக் கோவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்திருக்கிறாய்.

கணக்கெடுப்புத் துறையே 2001-இன் எண்ணைப் புதிய எல்லைக்குள் மாற்றிக் கொடுத்திருக்கிறது: 29,16,620. அதோடு ஒப்பிட்டால் பத்தாண்டில் கோவை 18.56 சதவீதம் வளர்ந்திருக்கிறது. தேய்ந்ததாக எழுத இருந்தாயே! 1901-இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை என்ன மாற்றம் என்று காட்டும் ஏ-2 அட்டவணையை எடுத்துப் பார்.

நம் பக்கத்து மாவட்டங்களை ஆராய்கிற யாரும் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஈரோடு, பெரியார் மாவட்டம் என்ற பெயரில் கோவையிலிருந்து பிரிந்தது 1979-இல். கரூர் திருச்சியிலிருந்து 1995-இல். நாமக்கல் சேலத்திலிருந்து 1997-இல். 1971-ஆம் ஆண்டின் 'கோயம்புத்தூர்' என்பதற்குள் ஈரோடும் இருக்கிறது. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு வரைபடம் போடப் போகிறாய் என்றால் மாவட்டத்தை விட்டுவிட்டுத் தாலுகாவாக, முடிந்தால் கிராமமாக இறங்கிக் கூட்டு. முதுகு வலிக்கும். வேறு வழியில்லை.

இன்னொன்று. 2021-இல் வர வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 1 மார்ச் 2027-ஐ அடிப்படை நாளாக வைத்து நடத்துவதாக அறிவித்தார்கள். ஆகவே 2011-க்கு அப்புறம் வந்த மாவட்டத் தனிநபர் வருமானக் கணக்குகளில் கீழே வகுக்கும் மக்கள்தொகை எண்ணிப் பார்த்தது அல்ல, கணித்தது. மேலே உள்ள எண் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதை மறக்காதே.

எங்கள் ஊரில் தறி இல்லாத வீடே கிடையாது, எல்லா வீட்டிலும் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் தேசியக் கணக்கெடுப்புகளில் வேலைக்குப் போகும் பெண்கள் மிகக் குறைவு என்கிறார்கள். எண் பொய்யா?
- ஆய்வு மாணவர், சோமனூர்

பொய் இல்லை. ஆனால் அந்த எண் பிறக்கும் இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மாநில அரசின் பங்குக்கு நாங்களும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் படிவங்களை நிரப்புவோம். வேலைவாய்ப்புக்கான படிவத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வரி. அந்த வரியில் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று போட வேண்டும். வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவருக்கு 21. வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவருக்கு 92. 21 போட்டால் அந்த அம்மா உழைப்பாளர். 92 போட்டால் உழைப்போர் கணக்கிலேயே வரமாட்டார்.

தறிக்கூடத்து வாசலில் நின்று, சத்தத்துக்கு மேல் கத்தி, "வீட்டம்மா என்ன வேலைங்க?" என்று கேட்டால், "அவ வீட்லதானுங்க இருக்கா" என்று வீட்டுக்காரர் சொல்வார். அவருக்குப் பின்னாலேயே அந்த அம்மா தார் (தறியின் நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றிக்கொண்டிருப்பார். கேட்டதை அப்படியே எழுதினால் 92. "தார் யாருங்க சுத்தறது? நீங்க சாப்பிடப் போனா தறிய யாரு பாக்கறது? இழை அறுந்தா யாரு முடியறது?" என்று கேட்டால் 21. ஒரே வீடு, ஒரே மத்தியானம். அன்றைக்கு இன்னும் எத்தனை வீடு பாக்கி இருந்தது என்பதைப் பொறுத்தும் அந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படும் அல்லது கேட்கப்படாது.

இதை மனசில் வைத்துக்கொண்டு நாட்டுக் கணக்கைப் பாருங்கள். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 15 வயது நிரம்பிய பெண்களில் உழைப்போர் பங்கு (வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து) 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். ஆறு வருஷத்தில் இவ்வளவு பெரிய தாவல். கூடியதில் பெரும்பகுதி சம்பள வேலை அல்ல, சொந்தத் தொழிலும் வீட்டுத் தொழிலில் கூலியில்லா உதவியும்தான். பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்களா, செய்துகொண்டிருந்த வேலை இப்போதுதான் பதிவாகிறதா, நெருக்கடியால் வீட்டுத் தொழிலுக்குள் இழுக்கப்பட்டார்களா என்று பொருளியலாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் எண்ணம். சோமனூரில் பிறந்த நீங்கள் அந்தச் சண்டைக்குள் போகலாம். டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தார் சுற்றுவது என்றால் என்னவென்றே தெரியாது.

போவதற்கு முன்னால், கள அலுவலருக்கான வழிகாட்டிக் கையேட்டைப் படியுங்கள். புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் யாரும் தொடுவதில்லை. 'வழக்கமான நிலை' என்ற கணக்கில் வருஷத்தில் 30 நாள் துணைத் தொழில் பார்த்திருந்தாலே சேர்ந்துவிடும். 'நடப்பு வார நிலை' என்றால் கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒரு ஆண்டுக்கு முதலாவதையும் இன்னொரு ஆண்டுக்கு இரண்டாவதையும் எடுத்து ஒப்பிட்ட கட்டுரைகளை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம், வீடுவாரித் தரவை இறக்கிக் கணக்குப் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்திருக்கும் பெருக்கெண்ணை, அதாவது மாதிரியில் உள்ள அந்த வீடு எத்தனை வீடுகளுக்குச் சமம் என்று காட்டும் எண்ணை, விட்டுவிடாதீர்கள். கோவை மாவட்டத்தை மட்டும் தனியாக உருவினால் மாதிரியில் கொஞ்சம் பேர்தான் மிஞ்சுவார்கள். அதில் வரும் சதவீதத்தைத் தசமப் புள்ளியோடு எழுதுவது வேண்டாத வேலை.

திருப்பூர் பனியன் தொழிலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு எண் சொல்கிறது.
- கல்லூரி ஆசிரியர், திருப்பூர்

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசலில் நின்று எண்ணுகிறார்கள் சார். ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, பதிவுபெற்ற தொழிற்சாலைக்குள் மட்டும் போகும். சந்துக்குள் ஆறு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர், வீட்டில் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவர் அதில் கிடையாது. அவர்களைத் தேட வேண்டுமானால் பதிவுபெறாத தொழில்களுக்கான தனிக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். ஈஎஸ்ஐ எண்ணிக்கை பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்து தொடங்கும், பிஎஃப் இருபது பேரிலிருந்து. சங்கங்கள் சொல்லும் லட்சக்கணக்கு, தொழிலுக்குள் இருப்பவர்களின் மதிப்பீடு. அதை ஒதுக்க வேண்டாம், 'சங்கத்தின் மதிப்பீடு' என்று பெயர் போட்டே எழுதுங்கள்.

ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பின்னலாடை என்றதும் எல்லோரும் 1430-ஐ எடுப்பார்கள். உருவத்தோடு நேரடியாகப் பின்னி எடுக்கும் ஸ்வெட்டர் போன்றவை அங்கே வரும். பின்னிய துணியை வெட்டித் தைத்த டி-ஷர்ட் போக வேண்டிய இடம் 1410. முதலாவதை மட்டும் எடுத்தால் திருப்பூரில் பெரும்பகுதி கையை விட்டுப் போய்விடும். ஏற்றுமதிக் குறியீட்டில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டும் 61-ஆம் அத்தியாயத்திலேயே வரும். அதனால்தான் உற்பத்திக் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் ஒட்ட மறுக்கின்றன.

கூலி பற்றியும் கேட்டிருந்தீர்கள். திருப்பூரில் நாள் கூலி என்று கேட்டால் பதில் ஷிப்டில் வரும். காலையில் போய் ராத்திரி திரும்புகிற டெய்லருக்கு அது ஒன்றரை ஷிப்டு. ஒருவர் ஷிப்டுக் கூலியைச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குக் கையில் வாங்கியதைச் சொல்வார். இரண்டையும் 'தினக்கூலி' என்ற ஒரே கட்டத்தில் எழுதினால், ஒரே கம்பெனியில் ஒரே வேலைக்கு ஒன்றரை மடங்கு வித்தியாசம் இருப்பதாகத் தெரியும். உங்கள் மாணவர்கள் கேள்வித்தாள் தயாரிக்கும்போது ஷிப்டுக்கு எவ்வளவு, நேற்று எத்தனை ஷிப்டு, வாரத்தில் எத்தனை ஷிப்டு என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். பீஸ் ரேட்காரர்களுக்குத் தனித் தாள்.

ஈரோட்டில் மஞ்சள் விலை என்று பேப்பரில் போடுவதற்கும் எங்கள் கைக்கு வருவதற்கும் சம்பந்தமே இல்லை. என் மகள் அந்த விலைகளை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். நம்பலாமுங்களா?
- மஞ்சள் விவசாயி, அறச்சலூர்

எந்த மஞ்சளின் விலை என்று தெரிந்தால் நம்பலாமுங்க. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. பழைய மஞ்சள், புது மஞ்சள் வேறு. செய்தியில் பெரிய எழுத்தில் வருவது அன்றைய உச்ச விலை. அந்த விலைக்குப் போனது நாலு மூட்டையாகக்கூட இருக்கலாம். சந்தை விலைகளைப் போடும் மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் குறைந்த விலை, அதிக விலை, அதிகம் விற்ற விலை என்று மூன்று இருக்கும். மகளை மூன்றாவதை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு எதுவும் அதில் கழிந்திருக்காது, அதனால்தான் உங்களுக்கு அது அந்நியமாகத் தெரிகிறது.

அன்றைக்குச் சந்தைக்கு எவ்வளவு வந்தது என்ற வரத்தையும் அவர் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, திங்கட்கிழமை 2,000 மூட்டை குவிண்டால் 12,000 ரூபாய்க்கும், வெள்ளிக்கிழமை 200 மூட்டை குவிண்டால் 14,000 ரூபாய்க்கும் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 13,000 அல்ல, சுமார் 12,180. ஏலம் இல்லாத நாளைப் பூஜ்ஜியம் என்று நிரப்பக் கூடாது, வெற்றாக விட வேண்டும். ஒரே விலை பத்து நாள் அசையாமல் நின்றால் சந்தை அசையவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், பதிவு செய்தவர் நேற்றைய வரியையே மறுபடி போட்டிருக்கலாம். அந்த வாரத்து விற்பனைச் சீட்டு உங்கள் வீட்டிலேயே இருக்குமே, எடுத்துக் கொடுங்கள்.

பின்னலாடை ஏற்றுமதி பத்தாண்டில் இத்தனை சதவீதம் உயர்ந்தது என்று ரூபாயில் கணக்குப் போட்டேன். வழிகாட்டி ஏற்கவில்லை.
- ஆய்வு மாணவி, அவிநாசி

வழிகாட்டி சொன்னது சரி. 2013-14-இல் ஒரு டாலர் ஏறத்தாழ 60 ரூபாய், 2023-24-இல் ஏறத்தாழ 83. ஒரு சட்டைகூட அதிகம் விற்காமலேயே ரூபாய்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'வளர்ச்சி' வந்துவிடும். டாலரில் ஒன்று, எண்ணிக்கையில் ஒன்று, ரூபாயில் ஒன்று என மூன்று வரிசை போடுங்கள். முடிந்தால் அமெரிக்கா இந்தியாவிடமிருந்து வாங்கியதாகத் தன் பக்கம் பதிந்த எண்ணையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக் கணக்கும் மதிப்பிடும் முறையும் வேறு என்பதால் அச்சு அசலாக ஒத்துவராது. ஆனால் ஒன்று ஏறி மற்றது இறங்கினால் ஏன் என்று தோண்ட வேண்டும்.

செல்போனில் ஏஐ-யிடம் கேட்டால் புள்ளிவிவரம் உடனே தருகிறது. ஆய்வேட்டில் போடலாமா?
- இளங்கலை மாணவர், நாமக்கல்

எந்த அறிக்கை, எந்த ஆண்டு, எந்த அட்டவணை என்று அதையே கேளுங்கள். அந்த அட்டவணையைத் திறந்து எண்ணைக் கண்ணால் பார்த்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பாடப் புத்தகத்தில் வந்த எண்ணுக்கும் இதே விதிதான்.

பருவமும் பயிரும் அறிக்கையில் பசலி 1420 என்று இருக்கிறது. இதை எப்படி மற்ற தரவோடு சேர்ப்பது?
- ஆய்வு மாணவர், கோபிசெட்டிபாளையம்

பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. அதோடு 590-ஐக் கூட்டுங்கள். 1420 என்றால் 2010 ஜூலையில் தொடங்கி 2011 ஜூனில் முடிகிற ஆண்டு. கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிப் பதிவேடான அடங்கல் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது, சாகுபடிப் பரப்பு அங்கிருந்துதான் மேலே போகிறது. ஏற்றுமதியும் வருமானமும் ஏப்ரல் முதல் மார்ச். பஞ்சு ஆண்டு அக்டோபர் முதல் செப்டம்பர். மாத வாரியாகக் கிடைப்பதை மாத வாரியாகவே எடுத்து, பசலிக்கு ஏற்ப நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். கிடைக்காததை மாற்ற முயலாமல், அட்டவணைக்குக் கீழே எந்த வரிசை எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பழைய பசலி அறிக்கைகள் இணையத்தில் அகப்படாவிட்டால் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் கேளுங்கள். கல்லூரி முதல்வரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.